நீலச் சாரத்துண்டு
கடலோர ரயில் போய்விட்டது. வெள்ளவத்தை வீட்டு மாமரத்தின் இலைகள் இன்னும் நடுங்குகின்றன. மனோரஞ்சிதம் கத்தரிக்கோலோடு மரத்தடியில் நிற்கிறாள். கிளையில் தான் இடுப்பில் உடுத்தும் நீலச் சாரத்தைக் கிழித்து ஓர்க்கிட் செடியைக் கட்டியவன், மாடியறையில் வாடகைக்கிருந்த குகதாசன். "மரத்தை உறிஞ்சாதோ தம்பி?" என்று அன்று கேட்டாள். "இல்லை அக்கா. மழைத்தண்ணியும் காத்தில வாற தூசியும் அதுக்குக் காணும். பிடிச்சு நிக்க இடம் குடுத்தாச் சரி. வேர் பிடிச்சதும் துணியை வெட்டிவிடுங்கோ" என்றான். வாடகைக்கு வருபவர்களின் பெயரை வீட்டுக்காரர் பொலிசில் பதிய வேண்டும். அவன் பெயரை நாளைக்குப் பதியலாமென்று அவள் இருந்த அன்றைக்குத்தான், பதியாதவர்களைப் பிடிக்கும் சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோனார்கள். மூன்று மாதமாக ஒரு தகவலும் இல்லை. மாலை வெயிலில், வெள்ளை வேர்கள் பட்டையை இறுகப் பற்றியிருப்பது நன்றாகத் தெரிகிறது. மனோரஞ்சிதம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, இற்றுப்போன துணியின் முடிச்சை இன்னும் ஒருமுறை இறுக்குகிறாள்.