சோளகத்தில் வந்த வண்டு

"வண்டு! வண்டு வருது! ஓடுங்கோ!"

மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் செல்வநாயகம் முற்றத்தில் குழியாய் வெட்டி மூடிய பங்கரை நோக்கிப் பாய்ந்தார். அவர் கத்தி முடித்த பிறகுதான் வானத்தில் அந்த இரைச்சலே மற்றவர்களுக்குக் கேட்டது. ஐம்பத்தாறு வயதிலும் மனிதருக்குக் காது அவ்வளவு கூர்மை.

2003ஆம் ஆண்டு, ஆனி மாதம். சண்டை நின்று ஒன்றரை வருடமாகியும் வன்னிச் சனத்தின் கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. உளவு விமானத்துக்கு அவர்கள் வைத்த பேர் வண்டு. அதன் சத்தம் கேட்டால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, குனிந்து ஓடுவார்கள்.

அவர் மனைவி சிவனேஸ்வரி பக்கத்து வீட்டு ஞானேஸ்வரியின் பங்கருக்கு ஓடினார். தங்கள் பங்கருக்குள் நாகம் குடியிருக்கிறது என்று கணவர் சொன்ன நாளிலிருந்து அதற்குள் அவர் கால் வைப்பதில்லை. ஞானேஸ்வரியிடம் வெற்றிலையும் ஊர்க்கதையும் வேறு கிடைக்கும்.

"சுதா, நீயும் வா பிள்ளை!"

"ஆட்டுக்குட்டியைப் பிடிச்சுக்கொண்டு வாறன் அம்மா!" என்று மகள் சுதாஜினி குளக்கரைப் பக்கம் ஓடினாள். ஆட்டுக்குட்டி எதிர்ப்பக்கத்து வேலியில் குழை தின்றுகொண்டிருந்தது.

கரையில், முழங்கால் தண்ணீரில், குளத்தைக் கடந்து வந்த பலகையை விட்டு இறங்கி நின்றான் செந்தூரன். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் எட்டடிப் பட்டம் ஒன்று வானத்தில் இரைந்துகொண்டிருந்தது.

செந்தூரன் அக்கரையில் டிராக்டர் திருத்துகிறவன். கண்ணிவெடி அகற்ற வந்த வெள்ளைக்காரன் ஒருவன், ஊருக்குத் திரும்பும்போது காற்றில் தண்ணீர் மேல் ஓடுகிற, பாய் பூட்டிய பலகையை அவனிடம் விட்டுப்போனான். முதலில் சுதாஜினியைப் பார்க்க அவன் பாயில்தான் வந்தான்.

அதில்தான் வினை. ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான சிவப்புப் பாய் நடுக்குளத்திலேயே செல்வநாயகத்தின் கண்ணில் பட்டுவிடும். கரை சேரும்போது அவர் பூவரசந்தடியோடு நிற்பார். நெஞ்சுநோ என்று டொக்டர் சுருட்டை நிறுத்தச் சொல்லி, வீட்டிலிருந்த சுருட்டுக் கட்டுகளையெல்லாம் சிவனேஸ்வரி அடுப்பில் போட்ட நாளிலிருந்து மனிதருக்கு மூக்கு நுனியில் கோபம்.

தங்கள் ஊரில் எல்லோரும் பாயை விட்டுப் பட்டத்துக்கு மாறிவிட்டார்கள் என்று வெள்ளைக்காரன் படம் காட்டியிருந்தான். செந்தூரனும் மாறினான். சண்டைக்காலத்தில் இரவில் விழுந்த வெளிச்சக்குண்டின் பரசூட் துணியை மூங்கிலில் இழுத்துக் கட்டினான். படத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்தான். தைப்பொங்கல் பட்டத்துக்குப் பூட்டுவது போல, வில்லாய் வளைத்து நார் கட்டிய விண். காற்றில் அது அசல் வண்டு மாதிரியே இரைந்தது.

அன்றிலிருந்து பூவரசந்தடிக்கு வேலை இல்லை.

"நாளைக்கு என்னைப் பொம்பிளை பாத்த புளியங்குளத்து ஆக்கள் முடிவு கேட்டு வருகினம்," என்றாள் சுதாஜினி. "சாதகமும் பொருந்தியிட்டுது."

"அதுதான் இண்டைக்கு ஐயாவோட கதைக்க வந்தனான்."

"அடிச்சுப்போடுவார்!"

"அடிக்கட்டும். உன்னை விட்டிட்டு என்னால இருக்கேலாது."

அவள் கண்ணைத் துடைத்தாள். "இந்த விண்ணையும் கழட்டிப்போடு செந்தூரன். ஒவ்வொருக்காலும் பங்கருக்கால வரேக்கை அப்பாவைப் பாக்கேலாது. கண் ரெண்டும் சிவந்து, இருமி இருமி வாறார். பழசெல்லாம் நினைச்சு அழுறார் போல."

செந்தூரனுக்கு உடம்பு கூசிப்போனது. ஒரு கிழவனின் பயத்தில் காதல் செய்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. கயிற்றை இழுத்துப் பட்டத்தை இறக்கப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துச் சோளகக் காற்று சுழன்றடித்தது. பட்டம் அவனைக் கரையில் ஏற்றி, கத்தரிப் பாத்திக்குள்ளால் உருட்டிக்கொண்டு போய், முற்றத்தில் ஒரு குத்துக்கரணம் அடித்து, பங்கர் வாசலை மூடிக்கொண்டு விழுந்தது. சத்தம் பட்டென்று நின்றது.

பின்னால் ஓடிவந்த சுதாஜினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

துணி அசைந்தது. அதன் ஓரத்தால் முதலில் புகை வந்தது. புகைக்குப் பின்னால் செல்வநாயகம் வந்தார். விரலிடுக்கில் பாதி எரிந்த சுருட்டு.

செந்தூரன் சுருட்டைப் பார்த்தான். அவர் செந்தூரனையும் பட்டத்தையும் பார்த்தார். பூவரசந்தடியைத் தேடவில்லை. குனிந்து விண்ணைச் சுண்டிப் பார்த்தார்.

"நார் தளர்ந்துபோச்சு. போன கிழமையே சத்தம் பிசகினது," என்றார். "நானும் வடமராட்சியில பட்டம் விட்டு வளந்தவன்தான், தம்பி."

"ஐயா, அப்ப... முதல் நாளே தெரியுமோ?"

"உன்ர பட்டம் குளத்தில எழும்பேக்கையே பாத்திட்டுத்தானே கத்துறனான்."

வேலிக்கு அப்பாலிருந்து சிவனேஸ்வரியின் குரல் கேட்டது. "இஞ்சாருங்கோ! வண்டு போயிட்டுதோ?"

செல்வநாயகம் சுருட்டைச் செருப்பால் மிதித்து மண்ணைத் தள்ளி மூடினார். "போயிட்டுது, போயிட்டுது! நீர் ஆறுதலா வாரும்!"

செந்தூரனுக்கு எங்கிருந்தோ துணிவு வந்தது. "ஐயா, சுதாவை எனக்கு..."

"நாளைக்கு வாறவைக்கு நான் ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன்," என்று அவன் காதருகே குனிந்தார் செல்வநாயகம். "பொம்பிளையைத் தாறன். பழையபடி பாய்க்கு மட்டும் மாறிப்போடாதை!"