நனைந்து ஒட்டிய பக்கங்கள்

ஒரு வீட்டு மூலையில் கிடந்த செய்தித்தாளுக்கு அடியில் ஓர் எறும்பு முட்டையிட்டிருந்தது.

"மழை வருமாமே, முட்டைகளை மாடிக்குத் தூக்கணுமா?" என்று பக்கங்களைக் கேட்டது.

"பெருமழைதான். எங்கே தேங்கும்னு எனக்குத் தெரியாது," என்றது அறிவியல் பக்கம்.

"இந்த நகர்ல மனையெல்லாம் வித்தாச்சு. மழை என் வேலை இல்லை," என்றது வணிகப் பக்கம்.

"அந்தக் காலத்துல இந்த இடத்துல இருந்த ஏரியை ஒருத்தர் வரைஞ்சிருக்கார். என்னா நீலம்!" என்றது கலைப் பக்கம்.

"ஏதாவது நடந்தாதான் நான் போடுவேன்," என்றது செய்திப் பக்கம்.

நாலும் ஒரே பேப்பர்தான். ஒன்றையொன்று படித்ததே இல்லை. எறும்பும் குழம்பிப்போய் அங்கேயே இருந்துவிட்டது.

மறுநாள் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. நனைந்து ஒட்டிக்கொண்ட பக்கங்கள் முதல்முறையாக ஒன்றையொன்று படித்தன.

"அடப்பாவி, ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே!"

மிதந்த செருப்பின் மேல் நின்று எறும்பு முட்டைகளைத் தேடியது. ஒன்றுகூட இல்லை.

"நடந்துடுச்சுண்ணே," என்றது செய்திப் பக்கத்திடம். "போடுங்க."