பூஜ்யம் முதல் பத்து வரை

ஆளில்லாத ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்துவிட்டது. அதன் சைரன் தணிகாசலத்துக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் வலியின் அளவு பதிவானால்தான் அது வாசலுக்கு வரும். அதையும் நோயாளியே தன் வாயால் சொல்ல வேண்டும்.

அவர் மனைவி கோமளா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் கிடந்தாள். போனை அவள் வாயருகே கொண்டுபோனார்.

“பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு?” என்று கேட்டது இயந்திரக் குரல்.

“உயிர் போவுதே...”

“எண் மட்டுமே ஏற்கப்படும். மீண்டும் சொல்லவும்.”

“பத்துன்னு சொல்லும்மா,” என்று கெஞ்சினார் தணிகாசலம்.

“ஐயோ... நூறு...”

“பத்துக்கு மேல் ஏற்கப்படாது. மீண்டும் சொல்லவும்.”

“சனியனே, அவ செத்துக்கிட்டு இருக்கா, தெரியலையா உனக்கு!”

“இது நோயாளியின் குரல் அல்ல. மீண்டும் சொல்லவும்.”

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

கோமளா கண்ணைத் திறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. எப்படியோ கையைத் தூக்கி அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்லங்க. அழாதீங்க.”

இந்தப் பதில் மட்டும் அதற்கு உடனே புரிந்துவிட்டது.

“ஒன்றுமில்லை. பூஜ்யம். பதிவு செய்யப்பட்டது, நன்றி.”

தெருமுனையில் சைரன் அடங்கியது. வண்டி திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.