தீர்த்தம்மாளின் மேல் சட்ஜம்

பொம்மிடி முனிராஜின் இசைத்தட்டு விமர்சனத்தில் சென்னைப் பத்திரிகை ஒரு சொல்லையும் திருத்தாது. தம் காதின் மேல் அவருக்கும் அவ்வளவு நம்பிக்கை. பாடகி தீர்த்தம்மாளுக்கு மேல் சட்ஜத்தில் மூச்சு நிற்கவில்லை என்று 1938இல் எழுதினார். அதோடு அந்த அம்மாள் பாடுவதை விட்டார். மறு வருஷம் இறந்தும் போனார்.

1942இல், சிறந்த தட்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்த முனிராஜ் ஒரு பகலில் அந்த அம்மாளின் அதே தட்டை வைத்தார். குரல் மேல் சட்ஜத்தில் ஏறி நின்றது. கிராமபோனின் சாவி தீர்ந்து தட்டு நின்றது. முனிராஜ் ஊசியையும் தூக்கிவிட்டார். குரல் மட்டும் ஓயவில்லை.

“ஏங்க, அந்தம்மா இன்னுமா மூச்சு வுடல?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“இன்னும் இல்ல. சுருதியும் துளி அசையல,” என்றார் உறுதியாக. அதையே தாளிலும் எழுதினார்.

சேலம் ரயில் வந்து, நின்று, புறப்பட்டுப் போயிற்று. கடைசி வரியை எழுத, பாட்டு முடியட்டும் என்று அவர் காத்திருந்தார்.