மாதிரிப் படம்

கடத்தூர் சந்தையில் போட்டோக்காரன் மாட்டியிருந்த பலகையில் தன் மகள் கண்ணம்மாளைப் பார்த்ததும், தலையில் இருந்த புளிக்கூடையை இறக்கி வைக்கக்கூடக் குள்ளம்மாளுக்குத் தோன்றவில்லை.

பலகையில் மீசை வைத்த ஒரு போலீஸ்காரர் இருந்தார். மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி இருந்தது. நட்டநடுவில், எல்லாவற்றையும் விடப் பெரிதாக, கண்ணம்மாள். பட்டுப் பாவாடை கட்டி, தலை படிய வாரி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் மூன்றுகால் பெட்டியை நிறுத்தி வைத்து போட்டோக்காரன் மாயவன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

சேலத்திலிருந்து வருகிறவன். அவனுக்கென்று கடை கிடையாது. வாய்தான் கடை. அதைச் சந்தைக்குச் சந்தை திறந்து வைத்துவிடுவான்.

அப்போது சண்டைக் காலம். பிள்ளையைப் படம் பிடித்துப் பட்டாளத்தில் இருக்கிற புருஷனுக்கு அனுப்ப ஆசைப்படாத பெண் இல்லை. ஆனால் பிள்ளைகள் ஆடுமே. பெட்டியின் மூடியைக் கழற்றி மாட்டுவதற்குள் தலையைத் திருப்பும், மூக்கை நோண்டும். படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் இருக்கும்.

அந்தக் கவலையை வைத்துத்தான் மாயவன் பிழைத்தான்.

“நம்ம பெட்டிக்கு முன்னால எந்தக் கொழந்தையும் ஆடாதுங்க. இந்தப் பாப்பாவைப் பாருங்க. ரெண்டு வயசு. ஒரு முடி அசைஞ்சிருக்குதா?”

சனம் எட்டிப் பார்த்தது. ஒரு முடியும் அசைந்திருக்கவில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள் என்று யாரோ ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

கற்கண்டு கொடுத்தானாம். கண்ணு என்று ஒரு குரல் கொடுத்தானாம். பாப்பா அவன் சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்ததாம். படம் எடுத்து முடித்த பிறகும் அவன் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றதாம்.

வாய் கூசாமல் புளுகினான். குள்ளம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கற்கண்டாம், இடுப்பாம். கண்ணம்மாள் இவன் முகத்தை ஒரு தரம்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெற்றவளுக்கே அடங்காத பிள்ளை அவள். தலைவார உட்கார வைத்தால் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். இவன் பேச்சைக் கேட்டாளாமே.

யாரைக் கேட்டு அவளைக் கொண்டுவந்து இங்கே மாட்டினான்? மாடு பிடிக்க வந்தவனும் வெற்றிலை வாங்க வந்தவனும் நின்று பார்த்துவிட்டுப் போக அவள் என்ன வேடிக்கையா?

அன்று எடுத்தது ஒரே படம். அது கண்ணம்மாளின் அப்பன் தர்மனுக்குப் போய்விட்டது. மகள் பிறப்பதற்கு முன்னால் பட்டாளத்துக்குப் போனவன், பர்மாப் பக்கம் எங்கேயோ கிடந்தான். மகளின் முகம் பார்த்தவனில்லை. அவனாவது பார்க்கட்டும் என்று குள்ளம்மாள் இருந்த ஒன்றையும் அனுப்பிவிட்டாள். வேண்டியபோது அதே படத்தில் இன்னொன்று போட்டுக்கொள்ள முடியும் என்பது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. இவனோ அதைத் தனக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். அன்று கூப்பிட்டதும் வந்தானே மகராசன் என்று இவனைக் கையெடுத்துக் கும்பிட்டவள் அவள்.

கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். பலகையைப் பிடித்தாள்.

“இது எம்புள்ளைங்க. எங்கிட்ட குடுத்துடுங்க.”

மாயவன் அவளைத் தெரிந்துகொண்டான். பிறகு கிட்டே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“இதைக் கழட்டினா எம்பொழப்பு போச்சு தாயி. எல்லாரும் இதைப் பார்த்துத்தான் வர்றாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆனால் இதுவரை அந்த வார்த்தையை அவள் தன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் செல்லி என்கிற இளவயதுக்காரி தன் மகனைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் புருஷனும் பட்டாளத்தில்தான். பையன் நெளிந்தான். காலை உதைத்தான். சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டு இறங்கப் பார்த்தான். கூட்டம் சிரித்தது.

மாயவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான், எடுத்தான், மறுபடியும் விட்டான். அவனுக்கும் பொறுமை போய்விட்டது. பலகைப் பக்கம் கையை நீட்டினான்.

“டேய், அந்தப் பாப்பாவைப் பாரு. எப்படி உக்காந்திருக்குது? அது மாதிரி உக்காரு.”

குள்ளம்மாள் பலகையை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். பையனை நாற்காலியிலிருந்து வாரி எடுத்தாள். அவன் அவள் தோளைக் கடித்து, வயிற்றில் உதைத்து, சந்தையே திரும்பிப் பார்க்க அலறினான். செல்லி பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

“எம்புள்ளை மாதிரி இவன் உக்கார வேண்டாம் தாயி,” என்றாள் குள்ளம்மாள். “அன்னைக்கு அவளுக்குக் கழுத்து நிக்கலை. நாற்காலிக்குப் பின்னால குந்திக்கிட்டு நான்தான் புடிச்சிருந்தேன். குழி வெட்டப் போனவங்க திரும்பி வந்துருவாங்க, சீக்கிரம் புடிங்கன்னு இந்தப் போட்டோக்காரன்தான் அவசரப்படுத்துனான்.”