காதும் காதும் வைத்தாற்போல்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த ஸ்பிரிங்வேலில் சிறிதரனின் கடையில் ஹெட்போனும் இயர்போனும் தவிர வேறொன்றும் கிடைக்காது. வருகிறவர்களின் ஆசைகள் அவருக்கு அத்துப்படி. இளசுகளுக்கு நெஞ்சு அதிர வேண்டும். ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு உலகமே வாயை மூட வேண்டும். சத்தம் எப்படியிருந்தாலும் கண்ணாடியில் அழகாகத் தெரிந்தால் போதும் என்பவர்களும் உண்டு.

அந்த வாரம் சேகர் வந்து கேட்டதுதான் புதுசு.

"காதுல மாட்டினா யாருக்கும் தெரியக் கூடாதுண்ணே. பக்கத்து சீட்டுக்காரங்களுக்குக்கூட. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

சேகர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரன். இங்கேயே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். வாங்குவதற்கு ஆங்கிலப் பரீட்சை எழுதக் காத்திருப்பவன். அந்தப் பரீட்சை சனிக்கிழமைகளில்தான் நடக்கும். சிறிதரனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே, கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் டாக்டர் தேவராஜா வந்தார். கொழும்பில் கொடிகட்டிப் பறந்தவர், இங்கே தகுதிப் பரீட்சைக்காகப் புத்தகமும் கையுமாக அலைபவர். குரலைத் தாழ்த்தி அவரும் அதையேதான் கேட்டார். மற்றக் கடைகளில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரத் தோலின் நிறமாம், தன் காதில் பல்லி ஒட்டியது போல இருக்கிறதாம்.

சிறிதரனுக்குத் தொழில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இயர்போனுக்கு மண்ணிறம் பூசினார். வயரைச் சட்டைக் கைக்குள் விட்டு, டாக்டரைக் கன்னத்தில் கை ஊன்றி உட்காரவைத்துச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. தன் கைவண்ணத்தில் தானே சொக்கிப் போனார்.

"நீங்களே பக்கத்தில வந்து நிண்டாலும் கண்டுபிடிக்க மாட்டியள்தானே?" என்றார் டாக்டர்.

"சத்தியமாத் தெரியேல்லை, டொக்டர்."

அதன் பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் மண்ணிறம், எல்லோருக்கும் சனிக்கிழமை. இது பெரிய கும்பல் என்பது சிறிதரனுக்கு உறுதியானது. ஒருவன் பிடிபட்டாலும் பொலிஸ் நேரே இந்தக் கடைக்குத்தான் வரும். அதுவும் எந்த நேரத்தில்? மகள் அபிராமியின் நடன அரங்கேற்றத்துக்கு ஊரையே அழைத்து, வராதவர்களோடு ஆயுசுக்கும் கதைக்க மாட்டேன் என்று மிரட்டியும் வைத்திருக்கும் நேரத்தில்.

மனைவி கல்யாணியிடம் சொன்னார். சென்னையிலிருந்து வந்த நகைப் பெட்டியிலிருந்து அவள் தலை நிமிரவில்லை. எந்தப் பொலிஸானாலும் அரங்கேற்றம் முடிந்த பிறகு வரட்டும் என்றுவிட்டாள்.

கடைசியாக வந்தவன் பீட்டர், கணக்கியல் படிக்கும் மலேசியப் பையன். சிறிதரனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"தம்பி, களவாக் கேட்டு ஒருநாளும் முன்னேற ஏலாது. இதை விட்டிடு."

பீட்டர் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான் அங்கிள். ஆனா மூணு மணி நேரம் அசையாம உட்காரணும். இது இல்லாம என்னால முடியாதுலா."

பாவமாக இருந்தது. அவனுக்கும் மண்ணிறம் பூசிக் கொடுத்தார்.

சனிக்கிழமை அரங்கேற்றத்துக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசையைப் பார்த்த சிறிதரனுக்கு நம்பவே முடியவில்லை. சேகர், டாக்டர், பீட்டர், மற்றவர்கள், ஒருவர் பாக்கியில்லை. பரீட்சையையே உதறிவிட்டு வந்திருக்கிறார்கள். பீட்டரிடம் சொன்ன தன் ஒரு சொல் இத்தனை பேரைத் திருத்திவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கியது.

மேடையில் அபிராமி அசோகவனத்துச் சீதையாகத் தேம்பிக்கொண்டிருந்தாள். உயிரை விடத் துணிந்தவள் போல் அவள் கண்ணை மூடிய கணத்தில், மூன்றாவது வரிசை மொத்தமும் துள்ளியெழுந்து விசிலடித்துக் கைதட்டியது.

சிட்னி மைதானத்தில் இந்தியா அடித்த சிக்ஸரை, சட்டைப் பை ரேடியோக்களிலிருந்து சிறிதரனின் மண்ணிற இயர்போன்கள் அத்தனையும் துளி பிசகாமல் சொல்லியிருந்தன.