துரையின் குட்டிக் கார்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் புதிதாக மேலாளராக வந்த துரை செந்தூரன், தடதடத்த பழைய ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, கொழும்பிலிருந்து மின்சாரக் கார் ஒன்றை இறக்கினார். பட்டணத் தெருவுக்கென்று செய்த வண்டி. புகை கிடையாது, சத்தமும் கிடையாது. நாலு பேர் சேர்ந்தால் தூக்கித் திருப்பிவிடலாம்.

மறுவாரமே கொழுந்து பறிக்கும் பெண்கள், லெட்சுமி தலைமையில், தேங்காய் பழத்தட்டோடு பங்களா வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"புது வண்டிங்க தொரை. பூசை போடாம ஓட்டக்கூடாதுங்க."

திருநீறு பூசி, சில்லுக்கடியில் எலுமிச்சை வைத்து, முன்பக்கம் ஒரு வெண்கல மணியும் கட்டினார்கள்.

"மணி ஏன் கட்டுறியள்?"

"கோயில் மணிங்க. கண்ணு படாதுங்க."

செந்தூரனுக்கு நெஞ்சு நிறைந்தது. கொழுந்தின் எடை கூடாவிட்டால் மாற்றல்தான் என்று கொழும்பு அலுவலகம் எச்சரித்திருந்தது. இவ்வளவு பாசமுள்ள சனம் கைவிடுமா?

அன்றிலிருந்து அவர் எந்த மலைக்குப் போனாலும் பெண்கள் கை ஓயாமல் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மாலையில் நிறுத்தால் எடை மட்டும் ஏறவில்லை.

"தராசிலதான் பிழை" என்று தராசையே மாற்றினார். அப்போதும் ஏறவில்லை.

ஒருநாள் ஏற்றத்தில் பேட்டரி இறங்கிக் கார் நின்றுவிட்டது. செந்தூரன் மூச்சிரைக்க நடந்தே மலைக்குப் போனார். கூடைகள் ஒருபக்கம் கிடந்தன. பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

காலடிச் சத்தம் கேட்டு ஒருத்தி பதறி எழுந்தாள். லெட்சுமி திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒக்காருடி. தொரை வந்தா மணி கேக்காதா?"